அறக்கட்டளைப் பணம் 1.80 கோடி: எஃப்.டி. மட்டும் போதுமா?

அம்பை செயலாளர்:
எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சின்னக் கல்வி அறக்கட்டளைக்குச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் படித்து வெளியூர், வெளிநாடு போனவர்கள் கொடுத்த பணம் இது. கார்ப்பஸ், அதாவது மூல நிதி, இப்போது 1.80 கோடி. வரும் வட்டியில் வருஷத்துக்கு அறுபது பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம். ஆளுக்குச் சராசரி 20,000 ரூபாய்.

முழுப் பணமும் வங்கி எஃப்.டி.யில் கிடக்கிறது. 7.1 சதவீதத்தில் போட்ட ரசீதுகள் முதிர்ந்து வருகின்றன. புதுப்பிக்கப் போனால் 6.4-ஐ ஒட்டித்தான் தருகிறார்கள். 2025 பிப்ரவரிக்கு முன்பு 6.5 ஆக இருந்த ரெப்போவை (வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை) ரிசர்வ் வங்கி டிசம்பருக்குள் 5.25-க்கு இறக்கிவிட்டது, வங்கிகளும் கூடவே இறங்கிவிட்டன. எங்களுக்கு வருஷத்துக்கு 1.26 லட்சம் குறைகிறது. ஆறு பிள்ளைகளின் கட்டணம் அது. அந்த ஆறு பேர் யார் என்று முடிவு செய்யும் வேலை என் தலையில்.

கமிட்டியில் ஆளுக்கொரு யோசனை. பழைய காற்றாலை ஒன்று வாங்கலாம் என்கிறார் ஒருவர். நிலம் வாங்கிக் குத்தகைக்கு விடலாம் என்கிறார் இன்னொருவர். 11 சதவீதம் தரும் நிதி கம்பெனி என்றும் பேச்சு வந்தது. ஒரு உறுப்பினரின் மருமகன் பி.எம்.எஸ்., அதாவது நம் பணத்தைப் பங்குகளில் போட்டு நிர்வகிக்கும் சேவை, செய்து தருவதாகச் சொல்கிறார்.

பென்ஷன் ஃபண்டு, இன்சூரன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் பணத்தை எப்படிப் பிரித்துப் போடுகின்றன? அதில் எங்கள் அளவுக்குப் பொருந்துவது எது? எங்களுக்கு வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு உண்டு.

பாளையங்கால்வாய்:
தம்பி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் யோசனை ஒன்றுதான்: எஃப்.டி.யை விட்டு நகராதீர்கள். வட்டி குறைந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும். வட்டி ஏறும்போது மறுபடி கூடும். முதலே கரைந்தால் யாரிடம் போய்ப் பதில் சொல்வீர்கள்? 2008 ஜனவரியில் நிஃப்டி பங்குக் குறியீடு 6,357 வரை போனது. அதே வருஷம் அக்டோபரில் 2,253-ஐத் தொட்டது. அந்தப் பழைய உச்சத்தை நிலையாகத் தாண்டுவதற்கு 2014 ஆகிவிட்டது. உங்கள் கமிட்டி அத்தனை வருஷம் பொறுத்திருக்குமா? முதல் வருஷமே விற்கச் சொல்லிக் கூட்டம் போட்டுவிடுவார்கள்.

வரவு செலவு:
நான் பாளையில் ஆடிட்டராக இருக்கிறேன். ஆசைப்பட்ட இடத்தில் எல்லாம் பணம் போட உங்களுக்கு உரிமை கிடையாது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வருமான வரிச் சட்டம் 1961-ன் 11(5) பிரிவில் அனுமதிக்கப்பட்ட முதலீடுகளின் பட்டியல் இருக்கிறது. 2025-ல் இயற்றிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண் மாறும்; நான் சொல்பவை பழைய சட்டத்தின் எண்கள். ஆனால் இப்படி ஒரு பட்டியலுக்குள்தான் நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

மத்திய, மாநில அரசுப் பத்திரங்கள், ஷெட்யூல்டு (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள) வங்கி வைப்பு, கூட்டுறவு வங்கி வைப்பு, பொதுத்துறை நிறுவன வைப்பு, அசையாச் சொத்து ஆகியவை பட்டியலில் உண்டு. விதி 17சி வழியாக மியூச்சுவல் ஃபண்டு யூனிட்டும் உண்டு. தனியார் கம்பெனிப் பங்குகளை நேரடியாக வாங்க அனுமதி இல்லை. தனியார் கம்பெனிக் கடன் பத்திரமும் அப்படித்தான். மீறினால் அந்த அளவுக்கு விலக்கு போய்விடும்; அந்த வருமானத்துக்கு 30 சதவீதம் வரி.

இப்போது பி.எம்.எஸ். விஷயம். குறைந்தது 50 லட்சம் போடவேண்டும் என்பது இருக்கட்டும். அதில் பங்குகளை உங்கள் அறக்கட்டளையின் டீமேட் கணக்கிலேயே (பங்கு, பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு), உங்கள் பெயரிலேயே வாங்குவார்கள். அதாவது நேரடிப் பங்கு. அந்த யோசனையை அங்கேயே நிறுத்துங்கள்.

நிதி கம்பெனி அதைவிட எளிது. 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகளின்படி ஒரு நிதி கம்பெனி தன் உறுப்பினரிடம் மட்டும்தான் வைப்பு வாங்கலாம். அறக்கட்டளையை உறுப்பினராகச் சேர்க்கவே முடியாது. அப்படிச் சேர்க்கிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னால் அதற்கு விதி தெரியவில்லை, இல்லை தெரிந்தே மீறுகிறது. எதுவானாலும் பிள்ளைகளின் பணம் போகவேண்டிய இடம் அது அல்ல.

பணகுடி காற்று:
காற்றாலையைப் பற்றி நான் சொல்கிறேன், இதுதான் என் தொழில். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றில்தான் வருஷ வருமானமே. மற்ற மாதங்களில் விசிறி சும்மா நிற்கும் நாட்கள் அதிகம். இந்தப் பக்கம் மில் முதலாளிகள் இத்தனை காற்றாலை வாங்கினதற்குப் பெரிய காரணம் தேய்மானக் கழிவு. முதல் வருஷமே 80 சதவீதம் கழிக்கலாம் என்று இருந்தது. 2012-ல் எடுத்தார்கள், 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017-ல் இருந்து 40 சதவீதம். லாபத்துக்கு வரி கட்டுகிறவனுக்கு அது பெரிய தொகை. வரியே கட்டாத அறக்கட்டளைக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் விற்கிறவன் சொல்லும் விலையில் அந்தச் சலுகையின் மதிப்பும் சேர்ந்தே இருக்கும். உங்களுக்குக் கிடைக்காத ஒன்றுக்கு நீங்கள் பணம் கொடுப்பீர்கள்.

இருபது வருஷம் ஓடின மெஷின் என்றால் கியர்பாக்ஸ் ஒன்று போனாலே ஒரு சீசன் வருமானம் போய்விடும். அதைக் கழற்றி இறக்கக் கிரேன் வரவேண்டும். சீசன் நேரத்தில் கிரேன் எளிதில் கிடைக்காது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

வரவு செலவு:
அது அறக்கட்டளை நடத்தும் தொழில் என்ற கணக்கிலும் வரும். தனிக் கணக்குப் புத்தகம், நோக்கத்துக்குத் துணையான தொழில்தானா என்ற கேள்வி என்று வரிசையாக வரும். பணகுடி அண்ணாச்சி சொன்னதை அப்படியே கமிட்டியில் வாசியுங்கள்.

சேரன்மகாதேவி வயக்காடு:
நிலத்தைப் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு வயல் உண்டு. எங்கள் தெருவில் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கும் உண்டு. பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்கத் தாமதமானால் கார் சாகுபடி கிடையாது, பிசானம் மட்டும்தான். அந்த வருஷம் குத்தகைக்காரர் பாதி அளப்பார், மீதியை அடுத்த வருஷம் என்பார். அடுத்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை வரும். அந்த ஸ்தாபனத்தின் நோட்டில் ‘பாக்கி’ என்ற பத்திதான் வருஷா வருஷம் நீள்கிறது. கணக்குப்பிள்ளை சைக்கிளில் வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலத்துக்கென்றே 1961-ல் தனிச் சட்டம் இருக்கிறது. சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாது. உழுகிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய உங்களுக்கு இந்த வருமானம் ஒத்துவராது. நிலம் விலை ஏறும், சரி. ஏறின விலையை வைத்து யாருக்கும் ஃபீஸ் கட்ட முடியாதே.

மும்பை நெல்லையன்:
சொந்த ஊர் வீரவநல்லூர். இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கடன் பத்திரப் பிரிவில் வேலை. கேள்வி ‘பெரிய நிறுவனங்கள் எப்படிச் செய்கின்றன’ என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் ‘எதில் வருமானம் அதிகம்’ என்பது இரண்டாவது கேள்வி. யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதுதான் முதலில். லைஃப் இன்சூரன்ஸ் பணத்தில் பாதிக்குக் குறையாமல் அரசுப் பத்திரங்களில் இருக்கவேண்டும் என்பது விதி. முப்பது, நாற்பது வருஷம் கழித்துக் கொடுக்கவேண்டிய பணத்துக்கு அதே நீளத்தில் பத்திரம் தேடுவோம். அந்தத் தேவைக்காகத்தான் மத்திய அரசு 2023 நவம்பரில் ஐம்பது வருஷப் பத்திரமே வெளியிட்டது, 7.46 சதவீதத்தில், 2073-ல் முதிர்வது. பி.எஃப். அமைப்பும் பெரும்பகுதியை அரசுப் பத்திரத்தில்தான் வைத்திருக்கிறது. ஆனால் 2015 ஆகஸ்டில் இருந்து புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதத்தைப் பங்குச்சந்தை இ.டி.எஃப்.களில் (சந்தையிலேயே வாங்கி விற்கும் ஃபண்டுகள்) போட ஆரம்பித்து, பிறகு 10, அப்புறம் 15 என்று உயர்த்தினார்கள். பாளையங்கால்வாய் அண்ணாச்சி, நம் ஊர் மில் தொழிலாளியின் பி.எஃப். பணத்திலும் ஒரு பங்கு இன்று சந்தையில்தான் இருக்கிறது.

இப்போது அம்பை அண்ணாச்சியின் கணக்குக்கு வருகிறேன். உங்கள் அறக்கட்டளைக்கு முடிவுத் தேதி கிடையாது. அடுத்த வருஷமும் பிள்ளைகள் வருவார்கள், 2045-லும் வருவார்கள். ஆனால் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மீதி 15 சதவீதத்தைத்தான் நிபந்தனை இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். 6.4 சதவீத வட்டியில் 15 சதவீதம் என்றால் 0.96. அதாவது எஃப்.டி. மட்டும் வைத்திருக்கிற அறக்கட்டளையின் கார்ப்பஸ் வருஷத்துக்கு ஒரு சதவீதம்கூட வளர முடியாது. எவ்வளவு சிக்கனமாக நடத்தினாலும் முடியாது, ஏனென்றால் சட்டமே அப்படி.

இருபது வருஷம் ஓட்டிப் பாருங்கள். 1.80 கோடி 2.18 கோடி ஆகும். கட்டணம் வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய 20,000 அன்று 53,000. இன்றைய 1.80 கோடிக்கு ஈடாக நிற்க உங்களுக்கு 4.78 கோடி வேண்டும். கையில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. இப்போது செய்கிற மாதிரி 15-ஐயும் சேர்க்காமல் முழு வட்டியையும் செலவழித்தால் இதைவிட மோசம். ரசீதில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. ஆனால் அறுபது பிள்ளைகளுக்குப் பதிலாக இருபத்திரண்டு பேருக்குத்தான் கட்ட முடியும்.

பாளை அண்ணாச்சி ‘முதல் கரைந்தால்’ என்று கேட்டார். எஃப்.டி.யிலும் முதல் கரைகிறது. மெதுவாகக் கரைவதால் எந்தக் கமிட்டிக் கூட்டத்திலும் அது பேச்சுக்கு வருவதில்லை.

பாளையங்கால்வாய்:
85 சதவீதக் கணக்கை இப்படி யாரும் எனக்குப் போட்டுக் காட்டினதில்லை. ஆனால் படிவம் 10 கொடுத்து அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துவைக்கலாமே? எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த பல டிரஸ்ட்கள் செய்தார்கள்.

வரவு செலவு:
செய்யலாம், ஐயா. ஆனால் இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டுச் சொல்லவேண்டும், அஞ்சு வருஷத்துக்குள் அதற்கே செலவழித்து முடிக்கவேண்டும். விடுதிக் கட்டடம் கட்டச் சேர்க்கிறீர்கள் என்றால் சரி. கார்ப்பஸை நிரந்தரமாக வளர்க்கும் வழி அது இல்லை.

அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று நன்கொடை. பழைய மாணவர் பணம் அனுப்பும்போது ‘இது கார்ப்பஸுக்கு’ என்று எழுத்தில் தெரிவித்தால் அது செலவழிக்கவேண்டிய வருமானத்தில் சேராது. அதை 11(5) முதலீட்டில் தனியாக வைக்கவேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வாய்ச்சொல்லாக வேண்டாம். ஒரு வரிக் கடிதமாவது கையெழுத்தோடு வாங்கி ஃபைலில் போடுங்கள். பல சின்ன டிரஸ்ட்கள் இந்தக் கடிதம் இல்லாமல் தவிப்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

இன்னொன்று மியூச்சுவல் ஃபண்டின் குரோத் ஆப்ஷன், லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் யூனிட் மதிப்பிலேயே சேர்க்கும் வகை. யூனிட் மதிப்பு ஏறுவது விற்கும்வரை வருமானமே ஆகாது. விற்றாலும், கிடைத்த தொகையை வேறொரு மூலதனச் சொத்தில் போட்டால் அந்த லாபம் நோக்கத்துக்குச் செலவானதாகவே எடுத்துக்கொள்ளப்படும், 11(1ஏ) பிரிவு. எஃப்.டி. வட்டிக்கு இந்த வசதி கிடையாது. மும்பைக்காரர் சொன்ன ஒரு சதவீதச் சுவரைத் தாண்ட இருக்கும் கதவு இது.

மும்பை நெல்லையன்:
ஆடிட்டர் மேடம் சொன்னதற்கு வெளிநாட்டில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: நோபல் அறக்கட்டளை. 1901-ல் முதல் பரிசு கொடுத்தபோது ஒரு பரிசு ஏறத்தாழ 1,50,000 குரோனர். பணத்தைப் பாதுகாப்பான பத்திரங்களில் மட்டும் போடவேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு உலகப் போர், விலைவாசி, வரி என்று வந்து பரிசின் உண்மை மதிப்பு வருஷா வருஷம் தேய்ந்தது. யாரும் திருடவில்லை, எந்தப் பத்திரமும் ஏமாற்றினதாகக் கதை இல்லை. 1946-ல் வரிவிலக்கு கிடைத்தது. 1953-ல்தான் பங்கிலும் சொத்திலும் முதலீடு செய்ய ஸ்வீடன் அரசு அனுமதித்தது. 1991-ல்தான் பரிசு 1901-ன் மதிப்பைத் திரும்ப எட்டியது. தொண்ணூறு வருஷம்! பிறகு 2012-ல் ஒரு கோடி குரோனர் பரிசை 80 லட்சமாகக் குறைத்தார்கள், நிதி நீண்டகாலம் நிற்கவேண்டும் என்பதற்காக. பங்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. செலவையும் கூடவே அளந்தால்தான் நிற்கும். நார்வேயின் எண்ணெய் நிதி 70 சதவீதம் அளவுக்குப் பங்குகளில் இருக்கிறது. வருஷத்துக்கு 3 சதவீதம் அளவுக்குத்தான் எடுக்கவேண்டும் என்று அவர்களுக்கு ஒரு வரைமுறை.

யேல் பல்கலைக்கழகத்தை உதாரணம் காட்டி யாராவது வந்தால் கவனம். 1985 முதல் டேவிட் ஸ்வென்சன் அங்கே தனியார் பங்கு முதலீடு, காடு, எண்ணெய் என்று போட்டுப் பெரிய வளர்ச்சி காட்டினார். ஆனால் அவரிடம் முழுநேரக் குழு இருந்தது. பத்து வருஷம் பணத்தைத் தொடாமல் இருக்கும் வசதியும் இருந்தது. அது இல்லாதவர்கள் குறைந்த செலவு இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டு) போவதுதான் நல்லது என்று அவரே சொன்னார். நம் ஊரில் இப்படிப்பட்ட முதலீடு செய்யும் மாற்று முதலீட்டு நிதியில் (ஏ.ஐ.எஃப்.) நுழையவே ஒரு கோடி வேண்டும். 1.80 கோடி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

கொற்கை டீச்சர்:
நான் வரலாறு சொல்லிக்கொடுப்பவள், முதலீடு என் பாடம் இல்லை. ஆனால் இந்தப் பேச்சில் நம் பக்கத்துக் கல்வெட்டு ஒன்று வரவேண்டும். திருச்செந்தூர்க் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு இருக்கிறது. கோயிலின் வருஷச் செலவுக்கு அரசன் 1,400 பொற்காசு கொடுக்கிறான். அந்த முதலை ஒரே இடத்தில் வைக்கவில்லை. கொற்கை உட்படப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுக்கிறான். முதலை அவர்கள் தொடக்கூடாது, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டியாகக் கோயிலுக்கு அளக்கவேண்டும்.

வட்டியைக் காசாகக் கேட்காமல் நெல்லாகக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். கோயிலுக்கு வேண்டியது அமுதுபடிக்கு நெல். காசின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அடுப்பில் ஏறும் அரிசி குறையாது. ஒரு ஊரில் விளைச்சல் பொய்த்தாலும் மற்ற ஊர்கள் அளக்கும். இந்தக் கல்வெட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இதை எழுதின அதிகாரிமேல் எனக்குப் பெரிய மரியாதை வரும்.

மும்பை நெல்லையன்:
டீச்சர், இதைப் படித்ததும் எங்கள் பிரிவில் எல்லாருக்கும் சொன்னேன். விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பத்திரத்தை மத்திய அரசு 2013-ல் வெளியிட்டுப் பார்த்தது. வரவேற்பு இல்லாமல் நின்றுபோனது. இன்று அது கிடைத்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

அம்பை செயலாளர்:
எல்லாருக்கும் நன்றி. காற்றாலை, நிலம், நிதி கம்பெனி, பி.எம்.எஸ். நாலையும் எடுத்துவிட்டேன். ஆனால் மும்பை அண்ணாச்சி, ஒரு சந்தேகம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பகுதியை குரோத் ஃபண்டில் போட்டால் அந்தப் பகுதிக்கு வட்டி வராது. அப்படியானால் இந்த வருஷமே பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டுமா? 2045-ல் வரும் பிள்ளைக்காக, இப்போது வாசலில் அம்மாவோடு நிற்கும் பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல முடியாது.

மும்பை நெல்லையன்:
அண்ணாச்சி, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கனமானது இதுதான். இரண்டு பிள்ளைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அதனால் ஒரேயடியாக மாறாமல் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்பேன்.

36 லட்சம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு, குரோத், டைரக்ட் பிளான் (இடையில் ஏஜென்ட் கமிஷன் இல்லாதது). ஒரே நாளில் போடவேண்டாம். லிக்விட் ஃபண்டில் (மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டு) வைத்து இரண்டு வருஷத்தில் மாதாமாதம் மாற்றுங்கள். மீதி 1.44 கோடியில் 40 லட்சம் எஃப்.டி.யாகவே இருக்கட்டும், மூன்று வருஷத்துக்கு முதிர்வுகளைப் பிரித்து. 1.04 கோடியை அரசுப் பத்திரங்களில், குறிப்பாகத் தமிழ்நாடு அரசின் கடன் பத்திரங்களில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று போடுங்கள். மத்திய அரசுப் பத்திரத்தைவிட அதில் வட்டி கொஞ்சம் கூடுதல். ரெப்போ இன்னும் இறங்கினாலும் முதிர்வுவரை உங்கள் வட்டி இறங்காது. உங்களை இங்கே கொண்டுவந்த பிரச்சினைக்கு மருந்து அதுதான்.

1.44 கோடிக்குச் சராசரி 6.8 சதவீதம் என்று வைத்தால் 9.8 லட்சம். இண்டெக்ஸ் பகுதியில் இருந்து வருஷத்துக்கு 4 சதவீத யூனிட்டை விற்று எடுங்கள், 1.44 லட்சம். மொத்தம் 11.2 லட்சம் வரும். முழுவதும் எஃப்.டி.யில் வைத்தால் வரப்போவது 11.5. வித்தியாசம் ஒன்றிரண்டு பிள்ளைகளின் கட்டணம். அதைப் பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கலாம். இண்டெக்ஸ் ஃபண்டு நீண்டகாலத்தில் 4 சதவீதத்துக்கு மேல் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவும் கார்ப்பஸில் தங்கும். சந்தை விழுந்த வருஷம் யூனிட்டை விற்காதீர்கள். அந்த வருஷத்துக்குத்தான் எஃப்.டி.

பாளையங்கால்வாய்:
ஐந்தில் ஒன்று என்றால் நான் எதிர்க்கமாட்டேன். 2008 மாதிரி மூன்றில் இரண்டு பங்கு போனால்கூட 24 லட்சம். மொத்தத்தில் 13 சதவீதம். வலிக்கும், ஆனால் அறக்கட்டளை நிற்கும். ஆனால் அந்த நிலைமை வந்தால் என்ன செய்வோம் என்பதை இப்போதே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பங்குப் பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் விற்று 20-க்குக் கொண்டுவருவது, 15-க்குக் கீழே போனால் எஃப்.டி. முதிர்வில் இருந்து வாங்குவது, வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் மட்டும் பார்ப்பது. பயத்தில் கூட்டம் போட்டு விற்க வழி இருக்கக்கூடாது.

வங்கி விஷயத்திலும் ஒன்று. டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு வங்கிக்கு ஒரு டெபாசிட்தாரருக்கு 5 லட்சம்தான், 2020-ல் இருந்து. பத்துக் கிளையில் போட்டாலும் அறக்கட்டளை ஒரே டெபாசிட்தாரர். 40 லட்சத்துக்காக எட்டு வங்கி தேடி அலையாதீர்கள். பெரிய வங்கிகள் மூன்றில் பிரித்துப் போடுங்கள். லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் தடை வந்தபோது ஒருவர் 25,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. பத்து நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தார்கள், டெபாசிட் முழுதும் தப்பியது. ஆனால் அந்த வங்கியின் 318 கோடி ரூபாய் டியர்-2 பத்திரங்கள் (டெபாசிட்தாரருக்குப் பிறகே பணம் திரும்பும் கடன் பத்திரங்கள்) பூஜ்யமாயின. வங்கியின் டெபாசிட்டும் வங்கியின் பத்திரமும் ஒன்று என்று யாராவது விற்க வந்தால் இதைச் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி வயக்காடு:
தமிழ்நாடு பவர் பைனான்ஸில் நிறைய டிரஸ்ட்கள் டெபாசிட் போட்டிருக்கின்றன. வட்டி வங்கியைவிடக் கூடுதல். அது எப்படி?

பாளையங்கால்வாய்:
மாநில அரசின் நிறுவனம், நல்ல பெயர் உண்டு. ஆனால் அது வங்கி இல்லை, டெபாசிட் இன்சூரன்ஸ் கிடையாது. அரசு நடத்துகிறது என்பதும் அரசு எழுத்தில் உத்தரவாதம் தருகிறது என்பதும் வேறு வேறு. 40 லட்சத்தில் ஒரு சிறு பகுதி போடலாம், மொத்தத்தையும் அல்ல.

பணகுடி காற்று:
தங்கம் பற்றி யாரும் பேசவில்லையே?

வரவு செலவு:
நகையோ கட்டியோ வாங்க முடியாது, பட்டியலில் இல்லை. தங்கப் பத்திரத்துக்கு அறக்கட்டளைகள் ஆண்டுக்கு 20 கிலோ வரை விண்ணப்பிக்க இடம் இருந்தது, ஆனால் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடே இல்லை. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கமிட்டி உறுப்பினரின் மருமகன் விஷயத்தை மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது. பி.எம்.எஸ். இல்லை என்றதும் ‘மியூச்சுவல் ஃபண்டை நான் போட்டுத் தருகிறேன்’ என்று வருவார். ரெகுலர் பிளானில் கமிஷன் வருஷா வருஷம் உங்கள் பணத்தில் இருந்து அவருக்குப் போகும். அறக்கட்டளைப் பணத்தில் நிர்வாகிக்கோ அவர் உறவினருக்கோ பலன் போனால் 13-வது பிரிவில் கேள்வி வரும். டைரக்ட் பிளான் 2013-ல் இருந்து இருக்கிறது. அறங்காவலர் தீர்மானம், பான், அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், கையெழுத்திடும் இருவரின் அடையாளம் இருந்தால் ஃபண்டு நிறுவனத்திலேயே நேரே கணக்குத் தொடங்கலாம். உறவு கெடாமல் இதைச் சொல்லும் வேலை தலைவருடையது, செயலாளர் தலையில் கட்டவேண்டாம்.

அம்பை செயலாளர்:
அதைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன், அவரே பேசுவதாகச் சொன்னார். அரசுப் பத்திரம் வாங்க எங்கள் வங்கிக் கிளையில் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பையன் நல்ல பையன்தான், ஆனால் ஆர்.பி.ஐ. ஃப்ளோட்டிங் ரேட் பாண்டு படிவத்தை எடுத்து நீட்டினான். 8.05 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இதுவே போதாதா?

மும்பை நெல்லையன்:
அது தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். அறக்கட்டளை பெயரில் விண்ணப்பம் திரும்பி வரும். ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளமும் தனிநபருக்குத்தான். அறக்கட்டளைக்கு வழி வேறு. ஒரு டீமேட் கணக்குத் தொடங்கி, என்.எஸ்.இ. கோபிட் அல்லது பி.எஸ்.இ. டைரக்ட் வழியாக ஏலத்தில் போட்டியில்லா விண்ணப்பம் போடுங்கள். குறைந்தது 10,000 ரூபாய். நீங்கள் விலை சொல்லவேண்டாம். பெரியவர்கள் கேட்ட விலைகளின் சராசரியில் உங்களுக்கு ஒதுக்குவார்கள். மாநிலப் பத்திர ஏலம் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை. வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரே வங்கிக் கணக்குக்கு வரும். வட்டித் தேதி மே, நவம்பரில் விழும் பத்திரமாகப் பார்த்தால் கட்டணம் கட்டும் நேரத்துக்குப் பணம் கையில் இருக்கும்.

கடன் ஃபண்டில் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியது. பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பி வந்தது உண்மை. ஆனால் கல்லூரி அலுவலகம் தவணைக்குக் காத்திருக்காது. முதிர்வுவரை வைத்திருக்கப் போகும் பணத்துக்கு அரசுப் பத்திரமே நேர்வழி.

அம்பை செயலாளர்:
தீர்மான வரைவு எழுதிவிட்டேன்: ‘அறக்கட்டளையின் கார்ப்பஸில் 20 சதவீதம் இண்டெக்ஸ் ஃபண்டுகளின் குரோத் ஆப்ஷனிலும், 58 சதவீதம் மத்திய, மாநில அரசுப் பத்திரங்களிலும், 22 சதவீதம் வங்கி வைப்பிலும் வைக்கப்படும். பங்குப் பகுதி 15-க்குக் கீழ் அல்லது 25-க்கு மேல் போனால் அடுத்த ஏப்ரல் பரிசீலனையில் 20-க்குக் கொண்டுவரப்படும். இடையில் விற்க அறங்காவலர் அனைவரின் எழுத்து ஒப்புதல் வேண்டும்.’ மேடம், பார்த்துச் சொல்லுங்கள்.

வரவு செலவு:
நன்றாக இருக்கிறது. ‘வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் முதலீட்டு வகைகளுக்கு உட்பட்டு’ என்று முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள். அதற்கும் முன்னால் அறக்கட்டளைப் பத்திரத்தின் முதலீட்டு ஷரத்தைப் படியுங்கள். பழைய பத்திரங்கள் பலவற்றில் ‘தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் மட்டும்’ என்று எழுதியிருப்பார்கள். சட்டம் விட்டாலும் பத்திரம் விடாது. அப்படி இருந்தால் திருத்த முடியுமா என்பதைப் பத்திரத்தில் உள்ள அதிகாரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சில நேரம் நீதிமன்றம்வரை போகவேண்டியிருக்கும்.

அம்பை செயலாளர்:
பத்திரம் பீரோவில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். ‘ஷெட்யூல்டு வங்கிகளிலும் சட்டம் அனுமதிக்கும் இதர முதலீடுகளிலும்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் சொன்ன வரியைச் சேர்த்துவிட்டேன். கூட்டம் வரும் ஞாயிறு. முதிர்ந்த ரசீதுகளைக் கூட்டம் முடியும்வரை புதுப்பிக்கவேண்டாம், தொகையைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவேண்டும் என்று வங்கிக்கு இன்றே கடிதம் கொடுத்துவிட்டேன்.